கடற்கரைச் சிலைகளும் விடுபட்ட புலவர்களும்

இலக்கியச் சோலை

சென்னைப் பட்டினத்தில், கலங்கரை விளக்கத்திற்கும் சாந்தோம் தேவாலயத்திற்கும் இடைப்பட்ட கடலோரத்தில் அமைந்திருப்பது நொச்சிக்குப்பம். வலையும் படகும் அன்றைய மீன் விலையுமே பேச்சாக இருக்கின்ற மீனவர் ஊர். அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்து கலங்கரை விளக்கத்தைக் கடப்பவர், காமராசர் சாலையின் ஓரத்தில் சிலைகள் பல நிற்கக் காண்பார். அவற்றுள் பெரும்பகுதி, 1968-ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பப்பட்டவை. திருவள்ளுவர், ஒளவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சிதம்பரனார் என்று அவ்வரிசை செல்கிறது.

இந்தப் பெயர்களை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். சமண காப்பியம் என்று அறிஞர் பலரும் கருதுகின்ற சிலப்பதிகாரத்தின் தலைவி இருக்கிறாள். வைணவர் போற்றும் கம்பர் இருக்கிறார். கடல் கடந்து வந்த கிறிஸ்தவப் பாதிரிமார் மூவர் இருக்கின்றனர். அவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. அங்கே நிற்க அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆயினும் அவ்வரிசையில் தமிழ் முஸ்லிம் புலவர் ஒருவர்கூட இல்லை. வீரமாமுனிவர் பிறந்தது 1680-இல். அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் முன்பே, 1642-இல், இதே தமிழ் மண்ணில் பிறந்து, தமிழையன்றி வேறு தாய்மொழி அறியாது, ஐயாயிரம் விருத்தங்களுக்கு மேற்பட்ட காப்பியம் பாடிய உமறுப் புலவர் அவ்வரிசையில் இல்லை.

யாரோ வேண்டுமென்று ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு சிந்திக்க வேண்டியிராது. ஆனால் அந்தச் சிலை வரிசை 1968-இல் திடீரென்று தோன்றியதன்று. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஏட்டுச்சுவடி அச்சுக்கு வந்த காலத்தில், ‘தமிழர் யார், தமிழர் நூல்கள் எவை’ என்ற கேள்வி எழுந்து, ஒரு பட்டியல் உருவாகத் தொடங்கியிருந்தது. கல்லிலும் உலோகத்திலும் பின்னர் நாம் காண்பது அந்தப் பட்டியலைத்தான். ஆகவே பட்டியல் எப்படி உண்டாயிற்று என்பதைப் பார்ப்போம். அதற்கு முன்பாக, அதே நூற்றாண்டில் இதே வேலையை நம்மைவிடப் பேரளவில் செய்துகாட்டிய ஒரு நாட்டாரை அறிந்துகொள்வது பயன் தரும். அவர்கள் ஜெர்மானியர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஜெர்மனி என்றொரு நாடு கிடையாது. ஜெர்மன் பேசும் மக்கள் பற்பல அரசுகளின் கீழ்ச் சிதறிக் கிடந்தனர். பழைய பேரரசு என்று பெயரளவில் இருந்ததும் நெப்போலியனின் படையெழுச்சியால் 1806-இல் கலைந்தது. பிரெஞ்சுப் படை பெர்லின் நகரைப் பிடித்து வைத்திருந்த வேளையில், ஃபிக்டே என்ற தத்துவப் பேராசிரியர் ஜெர்மன் மக்களை நோக்கித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒரே மொழி பேசுவோர் ஒரே மக்களினத்தார் என்பது அவர் பேச்சின் சாரம். அரசு இல்லை, எல்லை இல்லை, படை இல்லை. மொழி மட்டுமே உண்டு. எனவே மொழியைக்கொண்டு நாட்டைக் கட்டத் தொடங்கினர்.

யாக்கோபு கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் சகோதரர் இருவர், வீடுகளில் வழங்கிவந்த கதைகளைத் திரட்டி 1812-இல் நூலாக்கினர். நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கின்ற உறங்கும் அழகியின் கதையும், சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையும் அந்தத் தொகுப்பில் உள்ளவைதாம். பின்னர் அவ்விருவரும் 1838-இல் ஜெர்மன் மொழிக்குப் பேரகராதி ஒன்றைத் தொடங்கினர். முதல் தொகுதி 1854-இல் வந்தது. சகோதரர் இருவரும் மறைந்தும் வேலை முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் உழைத்து 1961-இல்தான் முற்றுப்பெற்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அகராதி! 1848-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மக்கள் பேரவை கூடியபோது யாக்கோபு கிரிம் அதில் உறுப்பினராக அமர்ந்தார். 1871-இல் பிஸ்மார்க் வாளால் ஒன்றாக்கிய ஜெர்மனியை, அகராதியும் கதைப்புத்தகமும் முன்பே மனங்களில் ஒன்றாக்கி வைத்திருந்தன.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. தூய ஜெர்மானியக் கதைகள் என்று எந்தக் கதைகளைக் கொண்டாடினார்களோ, அவற்றுள் பலவற்றைக் கிரிம் சகோதரர்களுக்குச் சொன்னவர்கள் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள். அவர்களுள் முக்கியமான சகோதரிகள் சிலர், மதக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்து ஓடிவந்து குடியேறியவர்களின் வழியினர்! தூய்மை என்று தேடப் போனவர்களுக்குக் கலப்பே கிடைத்தது. கிரிம் சகோதரர் பெயர் உலகெங்கும் பரவியது. கதை சொன்ன பெண்களின் பெயர்களை ஆராய்ச்சியாளரன்றி எவரும் அறியார்.

பட்டியல் என்று வந்துவிட்டால், ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்ற கேள்வியும் உடன்வருகிறது. பவேரியா நாட்டு மன்னர் லுத்விக், ரேகன்ஸ்பர்க் நகருக்கு அருகே தான்யூப் நதிக்கரைக் குன்றின்மேல் வால்ஹாலா என்னும் பெரும் மண்டபம் ஒன்றைக் கட்டி 1842-இல் திறந்தார். ஜெர்மன் மொழிக்கும் இனத்துக்கும் பெருமை சேர்த்தவர்களின் மார்பளவுச் சிலைகளை வரிசையாக வைத்தார். நம் கடற்கரை வரிசைக்கு ஒரு மூத்த சகோதரன் என்று அதைச் சொல்லலாம். அந்த வரிசையில் மார்ட்டின் லூதர் இல்லை! பைபிளை மொழிபெயர்த்து ஜெர்மன் உரைநடைக்கே வடிவம் கொடுத்தவர் அவர். ஆனால் மன்னர் கத்தோலிக்கர். லூதரோ கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்தவர். எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னர், 1848-இல்தான் லூதருக்கு இடம் கிடைத்தது.

லூதருக்கு ஆறாண்டு. ஹைன்ரிக் ஹைனே என்ற கவிஞருக்கு எத்தனை ஆண்டு தெரியுமா? அவர் 1797-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மானியர் வாயில் இன்றும் புரளுகின்ற பாடல்களைப் பாடியவர். அவருடைய நூல்களுக்கு 1835-இல் தடை விதித்தனர். பாரிஸ் நகரில் வாழ்ந்து 1856-இல் அங்கேயே மறைந்தார். அந்த வால்ஹாலா மண்டபத்தையும் அதைக் கட்டிய மன்னரையும் கேலி செய்து பாடியவரும் அவரே. அவருடைய சிலையை அந்த மண்டபத்தில் வைத்தது 2010-ஆம் ஆண்டில். இறந்து நூற்றைம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்!

ஹைனேயைப் பற்றி முஸ்லிம்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இளமையில் அவர் எழுதிய ‘அல்மன்சோர்’ என்னும் நாடகத்தின் களம் ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா. முஸ்லிம் ஆட்சி வீழ்ந்தபின் அங்கே சந்தையில் திருக்குர்ஆன் பிரதிகளைக் குவித்து எரித்த கொடுமையை அந்நாடகத்தில் ஒரு பாத்திரம் சொல்கிறது. அதைக் கேட்ட ஹசன் என்னும் முஸ்லிம் பாத்திரம், நூல்களை எரிக்கும் கை மனிதர்களை எரிக்காமல் நில்லாது என்ற பொருள்பட மறுமொழி கூறுகிறது. 1823-இல் வெளிவந்த நாடகம் அது. 1933 மே மாதத்தில் நாஜிகள் பெர்லின் சதுக்கத்தில் நூல்களைக் கொளுத்தியபோது ஹைனேயின் நூல்களும் அத்தீயில் வீழ்ந்தன. ஒரு யூதக் கவிஞர், கிரனாடா முஸ்லிம்களின் துயரத்தைச் சொல்லித் தம் மக்களுக்கு வரவிருந்த துயரத்தை அறிவித்திருக்கிறார். அதே ஜெர்மானிய மண்ணில்தான் கோதே என்னும் மகாகவி, பாரசீகக் கவி ஹாஃபிஸின் மீது கொண்ட காதலால் 1819-இல் ஒரு ‘திவான்’ வெளியிட்டார் என்பதையும், அதற்கு விடையாக அல்லாமா இக்பால் 1923-இல் ‘பயாமே மஷ்ரிக்’ பாடினார் என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்க. மொழிப்பற்று வாசலைத் திறப்பதும் உண்டு, மூடுவதும் உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியர் அச்சகம் வைத்து நடத்துவதற்கிருந்த தடைகள் 1835-இல் நீங்கின. அதன்பின் சென்னை நகரத்துத் தெருக்களில் தமிழ் அச்சகங்கள் பெருகின. 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ், வடமொழியிலிருந்து பிறந்ததன்று. தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அந்நூல் நிறுவியது. அதே 1856-இல், தமிழகத்தில் சில ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்றுச் சென்ற கார்ல் கிரெளல் என்ற ஜெர்மானியர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து லைப்சிக் நகரில் பதிப்பித்தார். ஹைனே மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

பிறகு ஏடு தேடும் காலம் வந்தது. 1868-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பதிப்பித்தார். உ.வே. சாமிநாத ஐயர் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சில் கொணர்ந்தார். சைவக் கல்வியில் ஊறியவர் சமண காப்பியத்தைக் கையிலெடுத்தார். புரியாத இடங்களுக்கெல்லாம் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குச் சென்று அடக்கத்தோடு கேட்டறிந்தார். அந்த மனம் எத்துணை உயர்ந்தது! 1891-இல் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ நாடகத்தை இயற்றித் தமிழையே தெய்வமாக்கி வாழ்த்துப் பாடினார். அதன் பகுதி 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாக வழங்கி, 2021-இல் மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பட்டது.

இந்தப் பதிப்புகள் செய்த மாயத்துக்கு நொச்சிக்குப்பத்தின் பெயரே சான்று. நொச்சி என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன தெரியும்? சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கும் தழை. கொசுவுக்குப் புகை போடும் இலை. ஆனால் பழந்தமிழர் போர் இலக்கணத்தில், பகைவர் முற்றுகையிட்ட மதிலை உள்ளிருந்து காப்பவர் சூடும் பூ நொச்சி. மதில் காத்தலுக்கே நொச்சித் திணை என்று பெயர். அத்திணையைக் கூறும் புறப்பொருள் வெண்பாமாலையை ஐயரவர்கள் பதிப்பித்ததன் பின்னரே இச்செய்தி பண்டிதர் வட்டத்தைத் தாண்டிப் பரவலாயிற்று. மருந்துத் தழையாக இருந்தது வீரச் சின்னமாயிற்று. அன்றாடச் சொல் ஒவ்வொன்றின் பின்னாலும் ஈராயிரம் ஆண்டு நிற்கிறது என்று அறிந்தபோது தமிழர் நிமிர்ந்து நடந்தனர். ஆங்கிலேயன் முன்னும், வடமொழியே மேல் என்று சாதித்தவர் முன்னும், ‘நாங்கள் பழையவர்கள்’ என்று சொல்ல ஆதாரம் கிடைத்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது என்பது என் துணிபு. பழமையே பெருமையின் அளவுகோல் ஆனபோது, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் ‘பிற்காலத்தது’ என்ற ஒரு சொல்லால் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலாவுக்கும் அதே கதி; சீறாவுக்கும் அதே கதி. பழமை மட்டுமே காரணமென்றால் வீரமாமுனிவர் எப்படி உள்ளே வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாதிரிமார் தமிழைப் பற்றி உலகத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் எழுதினர், அகராதி செய்தனர், இலக்கணம் செய்தனர். தமிழின் பெருமைக்குச் சாட்சி சொன்ன வெளியார் என்ற வகையில் அவர்கள் அரியணை ஏறினர். நாமோ வெளியாரும் அல்லர்; பழையவரும் அல்லர். உள்ளேயே இருந்து பாடிக்கொண்டிருந்தவர்கள். வீட்டுப் பிள்ளையை எவர் கவனித்து எண்ணுகிறார்?

ஆனால் உண்மை வரலாறு என்ன? வால்ஹாலா மண்டபம் திறக்கப்பட்ட அதே 1842-ஆம் ஆண்டில் சீறாப்புராணம் அச்சேறியது. சிந்தாமணி அச்சாவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு! ஏடுகளைத் தேடித் தொகுத்து, பாடம் ஒப்பிட்டு அதைப் பதிப்பித்தவர் காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். சேகனாப் புலவர் என்றும், புலவர் நாயகம் என்றும் போற்றப்பெறுபவர். தாமே குத்புநாயகம், திருக்காரணப் புராணம் முதலிய காப்பியங்களைப் பாடியவர். ஏடு காத்த பெரியோர் என்று நாம் சாமிநாத ஐயரையும் தாமோதரம் பிள்ளையையும் போற்றுகிறோம், போற்ற வேண்டும். அவர்களுக்கு முன்னோடியாக அதே வேலையைச் செய்த காயல் ஆலிமின் பெயரைப் பதிப்பு வரலாறு கூறும் நூல்களில் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

சீறாவின் பெருமையை இப்பத்தியில் முன்பும் பேசியிருக்கிறோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டம், 5027 விருத்தம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருச்சரிதையைப் பாட வந்த புலவர், அரபு நாட்டை வருணிக்கும்போது மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. மக்கா எங்கே, நெல்வயல் எங்கே என்று சிரிப்பவர் உண்டு. காப்பிய மரபு அது. கம்பர் கோசலத்தைக் காவிரி நாடாகப் பாடவில்லையா? தம் உயிரினும் மேலான நபியின் நாட்டைத் தமக்குத் தெரிந்த மிக அழகிய நாடாகக் கண்டார் புலவர். அந்த அழகிய நாடு தமிழ்நாடாக இருந்தது. ஒரு சமுதாயம் எந்த மண்ணை மனத்துள் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடவா சான்று வேண்டும்?

செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. சீறா பாடுவதற்கு வேண்டிய அரபு ஆதாரங்களைக் கேட்டு உமறுப் புலவர் கீழக்கரையில் சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றபோது, அரசவைப் புலவருக்குரிய அவரது தோற்றத்தைக் கண்டு, இவருக்கா நபியின் வரலாற்றைத் தருவது என்று அப்பா அவர்கள் முதலில் தயங்கினார்களாம். பின்னர் தயக்கம் நீங்கி, வழி காட்டினார்கள் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, நம்மவருக்குள்ளேயே ‘தமிழ்க் கோலம் நமக்குரியதா’ என்ற கேள்வி அன்றே இருந்தது என்பதை அக்கதை காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னையை எடுத்துக்கொள்வோம். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்து, நகரின் வடபகுதியில் வாழ்ந்து 1838-இல் மறைந்தவர் மஸ்தான் சாகிபு (ரஹ்). அவர் தொண்டியார் என்று வழங்கப்பெற்றதால் அப்பகுதிக்குத் தொண்டியார்பேட்டை என்று பெயர் வந்தது என்பர். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் யார்? திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். திருக்குறளை அச்சில் ஏற்றிய ஆரம்பகாலப் பதிப்பாசிரியருள் ஒருவர்! குறளைப் பதிப்பித்த வீரசைவப் புலவர், ஒரு முஸ்லிம் சூஃபியைக் குருவாக ஏற்று மாலை சூட்டினார். அன்றைக்கு இது யாருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை போலும்.

நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். சாமிநாத ஐயருக்கும் அவரே ஆசான். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவியபோது, நாவலர் அங்கே மதிப்புக்குரிய புலவராய் வீற்றிருந்தார். நக்கீரர் என்று சிறப்பிக்கப்பெற்றார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சென்னைக்கு வந்து அச்சகத்தில் பணியாற்றியவர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களே இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடிய நாளில், அருட்பாவே என்று மேடையேறி வாதிட்டவர் இந்த முஸ்லிம் பாவலர். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார்.

கடலுக்கு அப்பால், இலங்கையில் நிலைமை வேறு திசையில் சென்றது. கண்டியில் சித்தி லெப்பை 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885-இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழின் முதல் நாவல் வந்து ஆறே ஆண்டுகளில் வந்த நாவல் அது. ஆனால் 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் தமிழ் பேசுவதால் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை படித்தார். பேச்சில் அன்பு இருந்தது போலத் தோன்றினாலும், தனிப் பிரதிநிதித்துவம் சோனகருக்குத் தேவையில்லை என்ற அரசியல் உள்ளே இருந்ததாக அவர்கள் கண்டனர். ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907-இல் நூலாகவே மறுப்பு எழுதினார். தமிழில் பேசியும் எழுதியும் வந்த அச்சமுதாயம், தமிழர் என்ற பெயரைத் தனக்கு வேண்டாமென்றது. ‘நீ எங்களவன்’ என்று ஒருவர் சொல்லும்போது, அது அழைப்பா விழுங்கலா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழகத்தில் நம் முன்னோர் வேறு முடிவு எடுத்தனர். எங்கள் மார்க்கம் இஸ்லாம், எங்கள் மொழி தமிழ் என்றனர். இரு முடிவுகளுக்கும் காரணங்கள் இருந்தன. எனக்குத் தமிழகத்து முடிவே உகந்தது.

நம்மீது குறையே இல்லையா என்றால், உண்டு. நம் ஆலிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) போன்றோரின் அரபுத்தமிழ் நூல்கள் வீடுதோறும் பெண்களுக்கு மார்க்கக் கல்வி அளித்தன. அதன் நன்மையை அளவிட முடியாது. எழுத்து மட்டும் மாறியிருந்ததால், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பண்டிதருக்கு அது மூடிய பெட்டியாயிற்று. சென்னை நகரிலோ சேப்பாக்கத்து நவாபுகளின் அரண்மனை பாரசீகமும் உருதுவும் பேசியது. முஸ்லிம் என்றாலே உருதுக்காரர் என்ற எண்ணம் இந்நகரத்தில் வேரூன்றியது. நம்முள் வசதி படைத்த சிலரும் அதையே உயர்வென்று கருதினர். மூன்றாவது குறை, நம் புலவர் நூல்களை ‘பரக்கத்’துக்காக ஓதினோமே தவிர, இலக்கியமென்று பிறருக்கு எடுத்து நீட்டவில்லை.

எடுத்து நீட்டியபோது ஏற்கும் கைகள் இருந்தன. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம், பள்ளிக் கல்வி அதிகம் இல்லாத இளம்பெண், 1938-இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முகவுரை வழங்கியவர், எண்பது வயதைக் கடந்திருந்த மகாமகோபாத்தியாய சாமிநாத ஐயர்! கிரிம் சகோதரருக்குக் கதை சொன்ன பெண்களுக்குக் கிட்டாத சிறப்பு நம் நாகூர்ப் பெண்மணிக்குக் கிட்டியது என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு.

பின்னர் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் முஸ்லிம் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். இலங்கைப் பேராசிரியர் உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்கே வாழ்நாளை ஈந்தார். 1973-இல் திருச்சியில் முதல் உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. இன்று எட்டயபுரத்தில் உமறுப் புலவருக்கு அரசு எழுப்பிய மணிமண்டபம் உண்டு. பள்ளிப் பாடநூல்களிலும் சீறாப்புராணச் செய்யுள்கள் இடம்பெற்று வந்திருக்கின்றன. மாணவர் மனனம் செய்து தேர்வு எழுதி மறந்துவிடுகின்றனர். சிலையைக் காட்டிலும் பாடநூல் பெரிது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஓரிரு செய்யுளைப் படித்த மாணவன் முழு நூலைத் தேடினால் அவன் கைக்குக் கிடைக்குமா என்பதுதான் கவலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான முஸ்லிம் தமிழ் நூல்கள் பலவற்றுக்கு மறுபதிப்பே கிடையாது. அவற்றுள் சில சென்னையில் அச்சானவை. சில சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கொழும்பிலும் அச்சாகிக் கப்பலில் ஊர் வந்தவை. இன்னும் எஞ்சியிருப்பின், அவை இருக்கக்கூடிய இடம் உங்கள் பாட்டனார் வீட்டுப் பரணும் உம்மும்மாவின் மரப்பெட்டியுமே. வீட்டை இடித்துக் கட்டும்போதும், பெரியவர்கள் மறைந்தபின் சாமான்களை ஒழிக்கும்போதும் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முகப்புத்தாள் கிழிந்திருந்தாலும் நடுப்பக்கங்கள் போதும். இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டு நிறைவு செய்ய அறிஞர்களால் இயலும். சென்னை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொடுத்துவிட மனமில்லாதவர்கள், படியெடுத்துக்கொண்டு திருப்பித் தர இயலுமா என்று அங்கே நேரில் கேட்டறியலாம். நூல் அரபுத்தமிழில் இருந்தால், வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அச்சிட்ட ஊரையும் ஆண்டையும் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். ஆண்டு ஹிஜ்ரியில் இருந்தால் அப்படியே எழுதினால் போதும்.